எல்லையில் நின்றுவிடும் உரிமை: ஆஸ்திரேலியாவும் மாற்றுத்திறனாளி மாணவர் பரிமாற்றமும்

வெளிநாட்டில் ஒரு கல்விப் பருவமோ ஓராண்டோ படித்துத் திரும்புவது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக வாழ்வின் வழக்கமான பகுதியாகிவிட்டது. சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஆசிய, ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுடன் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தங்களைச் செய்துகொண்டுள்ளன. அரசும் இதற்கென உதவித்தொகைகளை வழங்கிவருகிறது.

ஆனால் பார்வையற்ற மாணவருக்கும், செவித்திறன் குறைந்தவருக்கும், சக்கர நாற்காலியில் இயங்குபவருக்கும் இந்த வாய்ப்பு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. உள்நாட்டில் படிக்கும்போது அவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, விமானம் ஏறும்போது அவர்களுடன் கூடவே செல்வதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வர விரும்பும் மாற்றுத்திறனாளி இளைஞர்களோ, பல்கலைக்கழக வாசலை அடைவதற்கு முன்பே விசா விண்ணப்பத்தின் உடல்நலச் சோதனையைக் கடந்தாக வேண்டியுள்ளது.

இந்தப் பிரச்சனை தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நியமானதல்ல. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் 95,000க்கும் மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். இவர்களில் பெரும்பாலோர் சிட்னி, மெல்பர்ன் நகரங்களில் வாழ்கின்றனர். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர்களாகவோ தொழில் வல்லுநர்களாகவோ வந்தவர்கள் அவர்களில் பலர்.

சட்டம் தரும் வாக்குறுதி

ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1992ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ் 2005ஆம் ஆண்டு கல்விக்கான தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளி மாணவருடன் கலந்தாலோசித்து, அவரது தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்று அவை கூறுகின்றன. தேர்வில் கூடுதல் நேரம், ஒலி வடிவிலான பாடநூல், குறிப்பெடுக்க உதவியாளர், சைகை மொழி மொழிபெயர்ப்பாளர் ஆகியவை இத்தகைய ஏற்பாடுகளில் அடங்கும்.

சர்வதேச அளவிலும் இத்துறையில் சிட்னிக்குத் தனி இடமுண்டு. பிறவியிலிருந்தே பார்வையற்றவரான பேராசிரியர் ரான் மெக்கல்லம், 1993ஆம் ஆண்டு சிட்னி பல்கலைக்கழகத்தில் தொழிற்சட்டப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் சட்டப்புலத் தலைவராகவும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழுவின் தலைவராகவும் பணியாற்றினார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் ரோஸ்மேரி கேயெஸ், ஐ.நா. உடன்படிக்கையின் வரைவுப் பணியில் பங்கேற்றவர். பிற்பாடு அவரும் அக்குழுவுக்குத் தலைமை வகித்தார்.

அந்த ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 24வது பிரிவு கல்வியையும், 32வது பிரிவு சர்வதேச ஒத்துழைப்பையும் பற்றியது. சர்வதேச ஒத்துழைப்புத் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியவையாகவும் அவர்கள் அணுகக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்பது 32வது பிரிவின் சாரம். இந்தியா 2007ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியா 2008ஆம் ஆண்டிலும், இலங்கை 2016ஆம் ஆண்டிலும் இந்த உடன்படிக்கையை உறுதி செய்தன.

குடிவரவுச் சட்டத்துக்கு விலக்கு

ஆயினும் ஆஸ்திரேலியா உடன்படிக்கையை உறுதி செய்தபோது, அதனுடன் ஒரு விளக்க அறிவிப்பையும் இணைத்தது. தனது குடிமக்கள் அல்லாதோர் நாட்டுக்குள் நுழையவோ தங்கவோ இந்த உடன்படிக்கை உரிமை எதனையும் உருவாக்கவில்லை என்றும், விசாவுக்கான உடல்நல நிபந்தனைகளை அது பாதிக்காது என்றும் அந்த அறிவிப்பு கூறியது.

உள்நாட்டுச் சட்டத்திலும் இதே நிலைதான். 1992ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் 52வது பிரிவு, 1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்கு விலக்கு அளிக்கிறது. அதாவது, பல்கலைக்கழகம் செய்தால் சட்டவிரோதமாகக்கூடிய பாகுபாட்டை, விசா வழங்கும் அதிகாரி குடிவரவு விதிகளின்படி செய்தால் அது சட்டப்படி செல்லும்.

உடல்நலச் சோதனை இரண்டு கேள்விகளை முன்வைக்கிறது. விண்ணப்பதாரரின் உடல்நிலையால் அரசின் மருத்துவச் சேவைக்கோ சமூகச் சேவைக்கோ குறிப்பிடத்தக்க செலவு ஏற்படுமா என்பது ஒன்று. பற்றாக்குறையாக உள்ள சேவைகள் ஆஸ்திரேலியர்களுக்குக் கிடைப்பதை அது பாதிக்குமா என்பது மற்றொன்று.

இங்கே இரு அம்சங்கள் கவனத்துக்குரியவை. விண்ணப்பதாரர் அந்தச் சேவைகளை உண்மையிலேயே பயன்படுத்துவாரா என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. மேலும், மதிப்பீடு செய்யப்படுவது அவரது குடும்ப வசதியோ தனித்திறமையோ அல்ல. அதே அளவு பாதிப்புள்ள கற்பனையான ஒரு நபருக்கு எவ்வளவு செலவாகும் என்பதே மதிப்பிடப்படுகிறது. 2005ஆம் ஆண்டு ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று, அந்தக் கற்பனை நபரின் பாதிப்பின் அளவு விண்ணப்பதாரருடையதை ஒத்திருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

தற்காலிக விசா கோருவோருக்கு, அவர்கள் தங்கவிருக்கும் காலத்துக்கான செலவே பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. எனவே ஒரு பருவம் மட்டும் படிக்க வருபவருக்கு இந்தத் தடை, நிரந்தரக் குடியுரிமை கோரும் குடும்பத்துக்கு இருப்பதைப் போல் அவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் கூடுதல் மருத்துவ அறிக்கைகளும் அவற்றால் ஏற்படும் காலதாமதமும், பருவம் தொடங்கும் தேதியைத் தவறவிடுவதற்குப் போதுமானவை.

விக்டோரியா மருத்துவரின் குடும்பம்

இந்த விதிகள் பரவலான விவாதத்துக்கு உள்ளானது 2008ஆம் ஆண்டில். மெல்பர்னுக்கு வடமேற்கே, விக்டோரியா மாநிலத்தின் ஹோர்ஷம் நகரில் பணியாற்றிவந்த ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் குடும்பத்துக்கு நிரந்தர விசா மறுக்கப்பட்டது. மகனுக்கு டவுன் சின்ட்ரோம் இருந்ததே அதற்குக் காரணம். மருத்துவர் பற்றாக்குறை நிலவிய ஊரின் மருத்துவரையே நாடு இழக்கவிருந்தது கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வாண்டு நவம்பரில் குடிவரவு அமைச்சர் தலையிட்டு விசா வழங்கினார்.

இதனைத் தொடர்ந்து நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்று விசாரணை நடத்தி, 2010ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. செலவை மட்டும் பாராமல், குடும்பம் நாட்டுக்கு அளிக்கக்கூடிய பொருளாதார, சமூகப் பங்களிப்பையும் எடைபோட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

அதன் பின்னர் மாற்றங்கள் படிப்படியாகவே வந்தன. நிரந்தர விசா கோருவோரின் நீண்டகாலப் பாதிப்புகளுக்கான செலவைக் கணக்கிடும் காலம், 2019ஆம் ஆண்டு அதிகபட்சம் 10 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க செலவு எனக் கருதப்படும் வரம்பு, 2024 ஜூலை முதல் 51,000 ஆஸ்திரேலிய டாலர்களிலிருந்து 86,000 டாலர்களாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளி மாணவருக்குப் பள்ளியில் தரப்படும் சிறப்பு உதவியின் செலவும் அப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. இருந்தபோதிலும் 52வது பிரிவின் விலக்கு சட்டத்திலிருந்து அகற்றப்படவில்லை.

வந்து சேர்ந்த பின்னர்

விசா கிடைத்துவிட்டால் பல்கலைக்கழகத்துக்குள் நிலைமை மாறுகிறது. 2005ஆம் ஆண்டின் கல்வி விதிமுறைகள் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவைப் பிரிவுகளை அவர்களும் அணுகலாம்.

ஆனால் வகுப்பறைக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு இந்தப் பாதுகாப்பு நீள்வதில்லை. காலையில் எழுந்து குளிப்பதற்கும் உடை அணிவதற்கும் உதவியாளர் தேவைப்படும் ஒரு மாணவருக்கு அந்தச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை. ஆஸ்திரேலியர்களுக்கு இத்தகைய உதவியை வழங்குவது, 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம் ஆகும். குடிமக்களும் நிரந்தர விசா உள்ளவர்களுமே பெரும்பாலும் இதில் சேரத் தகுதி பெறுகின்றனர். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இதில் இடமில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் கட்டாயமாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. வருவதற்கு முன்பே இருந்த உடல்நலப் பாதிப்புகளுக்கு அதில் பொதுவாக 12 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. ஒரு பருவமோ இரண்டு பருவங்களோ தங்கும் பரிமாற்ற மாணவரைப் பொறுத்தவரை, காத்திருப்புக் காலம் முடியும்போது படிப்பே முடிந்துவிடும்.

செவித்திறன் அற்றவர்களுக்கு மொழி மற்றொரு தடையாகிறது. ஆஸ்திரேலியாவின் சைகை மொழியான ஆஸ்லான், பிரிட்டன் மற்றும் நியூசிலாந்து சைகை மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்திய சைகை மொழி வேறு மொழி. ஆகவே சென்னையிலிருந்து மெல்பர்னுக்கு வரும் செவித்திறனற்ற மாணவர், ஆங்கிலத்துடன் புதிய சைகை மொழி ஒன்றையும் கற்றாக வேண்டும்.

வெளியே செல்வோரின் நிலை

எதிர்த்திசையில், அதாவது சிட்னியிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ வெளிநாடு செல்லும் மாற்றுத்திறனாளி மாணவருக்கும் சிக்கல்கள் உள்ளன.

ஆசிய மாணவர்களை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துவந்த கொழும்புத் திட்டம் 1951ஆம் ஆண்டு தொடங்கியது. 1980களின் நடுப்பகுதிக்குள் சுமார் 20,000 பேர் அதன் கீழ் ஆஸ்திரேலியாவில் பயின்றனர். 2014ஆம் ஆண்டு தொடங்கிய புதிய கொழும்புத் திட்டம் இதன் மறுபக்கம்; அது ஆஸ்திரேலிய இளநிலை மாணவர்களை ஆசிய, பசிபிக் நாடுகளுக்கு அனுப்புகிறது. அந்நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் அடக்கம்.

அவ்வாறு செல்லும் மாணவர் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளியாக இருந்தால், வெளிநாட்டில் தங்கும் காலத்தில் பொதுவாக ஆறு வாரங்கள் வரையே அவரது உதவித் திட்டம் தொடரும். அதற்கு மேல் நீட்டிக்கத் தனி அனுமதி தேவை. ஒரு கல்விப் பருவமோ பல மாதங்கள் நீள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு ஓய்வூதியம், 2015 ஜனவரி முதல், 12 மாதங்களில் 28 நாள் வெளிநாட்டு வாசத்துக்கு மட்டுமே பொதுவாக வழங்கப்படுகிறது. ஆஸ்திரேலியப் படிப்பின் ஒரு பகுதியாக முழுநேரமாக வெளிநாட்டில் பயில்வோருக்கு இதில் விதிவிலக்கு உண்டு. புறப்படும் முன்பே இதனை அறிந்து விண்ணப்பிக்காதவர்கள் இடையில் வருமானத்தை இழக்க நேரிடலாம்.

இத்தடைகளை மீறிச் சாதித்தவர்களும் உள்ளனர். இலங்கையில் பிறந்த தினேஷ் பாலிப்பன, குயின்ஸ்லாந்தின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும்போது, 2010ஆம் ஆண்டு கார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுக் கைகால்கள் செயலிழந்தார். பின்னர் படிப்பைத் தொடர்ந்த அவர், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கதிரியக்கத் துறைப் பயிற்சியும் பெற்று, 2016ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். கோல்ட் கோஸ்ட் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவரான அவர், 2021ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்தின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்வு செய்யப்பட்டார். ஆனால் தனிமனித விடாமுயற்சியை நம்பி ஒரு திட்டத்தை நடத்த முடியாது என்பதே மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கங்களின் வாதம்.

செலவுக்கு யார் பொறுப்பு?

பரிமாற்றத் திட்டங்களின் அமைப்பிலேயே ஒரு குறை உள்ளது. வழக்கமான பரிமாற்ற ஒப்பந்தத்தில் மாணவர் தமது சொந்தப் பல்கலைக்கழகத்துக்கே கட்டணம் செலுத்துகிறார். அவரை ஏற்கும் பல்கலைக்கழகம் கட்டணம் பெறுவதில்லை. இரு தரப்பும் சம எண்ணிக்கையில் மாணவர்களை அனுப்பிக்கொள்வதால் கணக்கு நேராகிவிடுகிறது.

ஒரு மாணவருக்குச் சைகை மொழி மொழிபெயர்ப்பாளரோ உதவியாளரோ தேவைப்படும்போது இந்தக் கணக்கு குலைகிறது. கட்டணம் பெற்ற பல்கலைக்கழகத்தில் மாணவர் இல்லை. மாணவர் உள்ள பல்கலைக்கழகம் கட்டணம் பெறவில்லை. சொந்த நாட்டின் சட்டம் ஏற்கும் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் இதுபற்றி எழுதப்படாவிட்டால், செலவு இறுதியில் மாணவரின் குடும்பத்தின் மீதே விழுகிறது.

செலவுக்குப் பொறுப்பானவர் யார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட இடங்களில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம், மாற்றுத்திறனாளி மாணவருக்கு ஏற்படும் கூடுதல் செலவுக்குத் தனி நிதி வழங்குகிறது. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மொபிலிட்டி இன்டர்நேஷனல் அமைப்பு, 1995 முதல் அந்நாட்டு வெளியுறவுத் துறையின் நிதியுதவியுடன் மாற்றுத்திறனாளிகளின் பரிமாற்றத்துக்கான தகவல் மையத்தை நடத்திவந்துள்ளது. ஜப்பானின் டஸ்கின் தலைமைத்துவப் பயிற்சித் திட்டம், ஆசிய பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கென்றே 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

ஆஸ்திரேலிய அரசின் ஆஸ்திரேலியா அவார்ட்ஸ் உதவித்தொகையிலும், தேர்வு பெறும் மாற்றுத்திறனாளிகளின் கூடுதல் உதவிச் செலவை ஏற்க ஏற்பாடு உண்டு. இந்திய அரசு, வெளிநாட்டில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பயிலும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஆண்டுக்கு 20 உதவித்தொகைகளைக் கொண்ட திட்டத்தை ஏற்படுத்தியது. நாட்டின் பரப்போடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது.

விமானமும் நூலும்

பயணமே தடையாவதும் உண்டு. பெருமூளை வாதம் உள்ள இந்தியச் செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், 2012ஆம் ஆண்டு கோவாவில் நடந்த சர்வதேச மாநாட்டுக்குச் செல்லக் கொல்கத்தாவில் விமானம் ஏறிய பின்னர் இறக்கிவிடப்பட்டார். 2016ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு மாறான தீர்ப்பு வந்தது. ஒரு விமானத்தில் சக்கர நாற்காலி உதவி தேவைப்படும் இரு பயணிகளை மட்டுமே ஏற்பது என்ற ஜெட்ஸ்டார் நிறுவனத்தின் விதியை எதிர்த்துப் பெண் பயணி ஒருவர் தொடுத்த வழக்கு, 2012ஆம் ஆண்டு தள்ளுபடியானது. விதியை மாற்றுவது நிறுவனத்துக்கு நியாயமற்ற சுமையாகும் என்று நீதிமன்றம் கருதியது. சக்கர நாற்காலியில் இயங்கும் இளைஞர்கள் குழுவாகப் பரிமாற்றப் பயணம் செல்வதற்கு இத்தகைய விதிகள் எத்தகைய தடை என்பதை விளக்க வேண்டியதில்லை.

நூல்களின் விஷயத்தில் உலகம் விரைவாகவே செயல்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கை, பார்வையற்றோருக்கான பிரெய்ல் மற்றும் ஒலி நூல்கள் காப்புரிமைத் தடையின்றி நாடுகளுக்கிடையே செல்ல வழிவகுத்தது. அதனை உலகில் முதலாவதாக 2014ஆம் ஆண்டு உறுதி செய்த நாடு இந்தியா. ஆஸ்திரேலியாவும் இலங்கையும் பின்னர் இணைந்தன. பார்வையற்றவர் படிக்கும் நூல் எல்லையைக் கடப்பது, அந்த வாசகர் கடப்பதைக் காட்டிலும் எளிதாகியிருக்கிறது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பை வெளியே சொல்லத் தயங்கும் வழக்கம் இன்னும் உள்ளது. விசா விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு உண்மைக்கு மாறான விடை அளிப்பது விசா மறுப்புக்கும் ரத்துக்கும் இட்டுச்செல்லும். பல்கலைக்கழகத்திடம் தெரிவிப்பது மாணவரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆனால் தெரிவிக்கப்படாத தேவைக்கு ஏற்பாடு செய்யும் கடமையை நிறுவனத்தின் மீது சுமத்துவது கடினம்.

மருத்துவச் சான்றுகளை ஆங்கிலத்தில் பெற்றுவைப்பது, ஏற்கும் பல்கலைக்கழகத்தின் சேவைப் பிரிவைப் பல மாதங்களுக்கு முன்பே தொடர்புகொள்வது, செய்து தரப்படும் ஏற்பாடுகளையும் அவற்றின் செலவை ஏற்பவர் யார் என்பதையும் எழுத்தில் பெறுவது ஆகியவை அவசியமானவை. காப்பீட்டுப் பத்திரத்தில் முன்பே உள்ள பாதிப்புகள் பற்றிய பகுதியைக் கையொப்பமிடும் முன் படிக்க வேண்டும்.

இனி என்ன?

2000ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பாராலிம்பிக் போட்டிகளுக்கு 120க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 3,800 வீரர்கள் வந்தனர். 2005 ஜனவரியில் மெல்பர்ன், செவித்திறனற்றோருக்கான உலகப் போட்டிகளை நடத்தியது. முன்கூட்டியே திட்டமிட்டு, செலவுக்குப் பொறுப்பேற்க ஒரு அமைப்பு இருந்தால், இந்நகரங்களால் மாற்றுத்திறனாளி விருந்தினர்களைப் பெருமளவில் வரவேற்க முடியும் என்பதை அவை காட்டின.

ஆஸ்திரேலியா தனது குடிவரவு விதிகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று ஐ.நா. குழு 2019ஆம் ஆண்டு வலியுறுத்தியது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு குறித்து ஆராய்ந்த அரச ஆணையமும், 2023 செப்டம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கையில், 52வது பிரிவின் விலக்கை மீளாய்வு செய்யப் பரிந்துரைத்தது. தற்காலிகமாக வருவோரும் நிரந்தரமாக வருவோரும் ஆகிய இரு தரப்பினரையும் அந்தப் பரிந்துரை உள்ளடக்கியது.

சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. அதற்குக் காலம் பிடிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகங்கள் தமக்கிடையே செய்துகொள்ளும் பரிமாற்ற ஒப்பந்தங்களில், மாற்றுத்திறனாளி மாணவருக்கான செலவை யார் ஏற்பது என்ற ஒரு விதியைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அந்த விதி எழுதப்படாத வரையில், அழைப்பிதழில் அனைவருக்கும் இடமிருந்தாலும், விமானத்தில் ஏறுபவர்கள் சொந்தமாகச் செலவு செய்ய வசதியுள்ள சிலராகவே இருப்பர்.